தார் ரோடு போடும் இயந்திரங்கள்: வாங்கும் முன் ஒப்பந்ததாரர்கள் கேட்கும் கேள்விகள்

பேவர் (தார்க் கலவையை ரோட்டில் விரிக்கும் மெஷின்), ரோலர் (அதை உருட்டி இறுக்குவது), ஹாட் மிக்ஸ் பிளான்ட் (ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஆலை) வாங்க யோசிக்கும் சிறிய, நடுத்தர ஒப்பந்ததாரர்களுக்காக எழுதியது. நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, நகராட்சி வேலை எடுப்பவர்களை மனதில் வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் சிபாரிசு இல்லை. மெஷின் எதுவானாலும் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். நிற்கும்போது ரோட்டில் சூடான கலவை ஆறிக்கொண்டிருக்கும். அதனால் எவ்வளவு சீக்கிரம் அதைத் திரும்ப ஓட வைக்கலாம் என்பதைத்தான் ஒவ்வொரு பதிலிலும் முதலில் பார்த்திருக்கிறேன்.

புதிதாகத் தொழில் ஆரம்பிக்கிறேன். முதலில் எதை வாங்குவது?

ரோலர். அப்புறம் பேவர். பிளான்ட் கடைசியில்.

காரணம் எளிது. கலவையைப் பக்கத்து பிளான்டில் டன் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். பேவரை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் மண் வேலை, ஜல்லி அடுக்கு, தார் அடுக்கு என்று வேலையின் எல்லாக் கட்டத்திலும் ஏதோ ஒரு ரோலர் தேவைப்படும். வருடத்தில் அதிக நாள் ஓடுவதும் அதுதான். பிளான்ட் வைக்க நிலம், மின்சாரம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, ஜல்லி இருப்பு, ஆட்கள் எல்லாம் வேண்டும். கையில் தொடர்ந்து வேலை இல்லாமல் பிளான்ட் போட்டவர், பிளான்டை ஓட்டுவதற்காகவே கட்டுப்படியாகாத டெண்டரை எடுக்க வேண்டிய நிலைமைக்கு வந்துவிடுவார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சில டெண்டர்களில் பிளான்டும் பேவரும் சொந்தமாகவோ குத்தகை ஒப்பந்தத்திலோ இருப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். நீங்கள் எடுக்க நினைக்கும் வேலைகளின் டெண்டர் நிபந்தனைகளை முதலில் படித்துவிட்டு மெஷின் பட்டியலைப் போடுங்கள்.

மெக்கானிக்கல் பேவர் போதுமா, சென்சார் பேவர்தான் வேண்டுமா?

மெக்கானிக்கல் பேவரில் கனத்தை ஆபரேட்டர் கையால் பிடிக்கிறார், சென்சார் பேவரில் அதைச் சென்சார் பார்த்துக்கொள்கிறது. 3.75 மீட்டர் அகல கிராமச் சாலைகளே உங்கள் வேலை என்றால், நல்ல நிலையில் உள்ள மெக்கானிக்கல் பேவர் போதும். உள்ளூர் மெக்கானிக்கே செயினையும் கிளட்சையும் கழற்றி மாட்டிவிடுவார். மாநில, தேசிய நெடுஞ்சாலை வேலைக்குப் போக வேண்டும் என்றால் சென்சார் பேவர் இல்லாமல் நடக்காது. பெரும்பாலும் டெண்டரிலேயே கேட்டுவிடுவார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரோட்டில் எப்படித் தெரிகிறது என்று புரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். பேவரின் பின்பக்கம் இருந்து கலவையை மட்டப்படுத்தும் ஸ்கிரீட், இரண்டு இழுவைக் கைகளில் கட்டப்பட்டு, கலவையின் மேல் மிதந்தபடி வருகிறது. கனத்தைக் கூட்ட ஆபரேட்டர் திருகைத் திருப்பினால் அது உடனே கூடாது. இழுவைக் கையின் நீளம் அளவுக்கு மெஷின் நகர்ந்தபின் மாற்றத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். முழுதாக வர அந்த நீளத்தைப் போல ஐந்து மடங்கு தூரம் போக வேண்டும். கை 3 மீட்டர் என்றால் சுமார் 15 மீட்டர். இது தெரியாத ஆபரேட்டர், கனம் இன்னும் ஏறவில்லையே என்று மறுபடி திருப்புவார். கொஞ்ச தூரம் போனதும் கனம் அதிகமாகிவிடும், உடனே இறக்குவார். ரோடு அலை அலையாக வந்து நிற்கும். காலையிலிருந்து மாலை வரை திருகைத் திருகிக்கொண்டே இருக்கும் ஆபரேட்டர் உழைக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே பாதி அலை குறையும்.

சென்சார் இந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எதைப் பார்த்து மட்டம் பிடிக்கச் சொல்கிறோமோ அதைத்தான் அது பிடிக்கும். மட்டத்துக்காக ரோட்டோரம் கட்டும் கம்பியைத் தொய்வாகக் கட்டினால் தொய்வு அப்படியே ரோட்டில் வரும். கீழ் அடுக்குக்குக் கம்பி, மேல் அடுக்குக்கு நீண்ட ஸ்கீ (ரோட்டின் மேல் இழுத்துச் செல்லும் சட்டம்) அல்லது அல்ட்ராசோனிக் சென்சார், இரண்டாவது பாதியை விரிக்கும்போது முதல் பாதியின் விளிம்பு என்று இடத்துக்குத் தகுந்தபடி மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் சென்சார் பேவர் வாங்குபவர்கள், சில மாதங்களில் சென்சாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கையாலேயே ஓட்டுகிறார்கள். கொடுத்த கூடுதல் பணம் முழுக்க வீண்.

எவ்வளவு பெரிய பேவர் வாங்க வேண்டும்?

பேவரின் திறன் என்று புத்தகத்தில் மணிக்கு 300 டன், 500 டன் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் பிளான்ட் உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதை.

ஒரு கணக்கு போடுவோம். 3.5 மீட்டர் அகலம், உருட்டிய பின் 40 மில்லிமீட்டர் கனம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.14 கன மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 2.4 டன் என்று வைத்தால் 0.336 டன். பிளான்டிலிருந்து மணிக்கு 80 டன் வருகிறது என்றால், மணிக்கு சுமார் 238 மீட்டர் விரிக்கலாம். நிமிடத்துக்கு 4 மீட்டர். அதே 80 டன்னை வைத்து 7 மீட்டர் முழு அகலமும் ஒரே தடவையில் போட்டால் நிமிடத்துக்கு 2 மீட்டர்தான்.

அடுத்தது டிப்பர். ஒரு லோடு 16 டன் என்றால் மணிக்கு 5 லோடு. பிளான்டில் ஏற்றி, சைட்டுக்கு வந்து, காத்திருந்து, கொட்டி, திரும்பிப் போக இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் 10 டிப்பர் வேண்டும். 6 டிப்பரை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பேவர் வாங்கினாலும் அது நின்று நின்றுதான் போகும்.

நிற்பதுதான் கேடு. பேவர் நிற்கும் இடத்தில் ஸ்கிரீட் தன் எடையில் கொஞ்சம் அமுங்கும். அதன் முன்னால் இருக்கும் கலவை ஆறும். திரும்பக் கிளம்பும்போது ஆறிய கலவையின் மேல் ஸ்கிரீட் ஏறும். உருட்டி முடித்தபின் அந்த இடத்தில் ரோட்டின் குறுக்கே ஒரு கோடு தெரியும். மேலே வண்டி ஓட்டினால் 'தடக்' என்று தட்டும். அதனால் வேகமாகப் போட்டுவிட்டு அடுத்த லோடுக்குக் காத்திருப்பதைவிட, வரும் கலவைக்குத் தகுந்த வேகத்தில் நிற்காமல் மெதுவாகப் போவது எவ்வளவோ மேல்.

ஸ்கிரீட் கேஸில் சூடாவதா, கரண்டிலா?

இரண்டும் ஓடும். கேஸ் ஸ்கிரீட் விலை குறைவு, சிலிண்டர் எங்கும் கிடைக்கும். அதன் குறை, பர்னர் அடைத்துக்கொண்டால் ஒரு பக்கம் மட்டும் ஆறிப்போகும். கரண்டில் சூடாவது சீராக இருக்கும். ஆனால் ஜெனரேட்டர், வயரிங், கன்ட்ரோலர் என்று பழுதாகும் பொருள்களும் அதிகம். சர்வீஸ் ஆள் ஒரே நாளில் வரக்கூடிய ஊரில் இருக்கிறீர்கள் என்றால் கரண்ட் ஸ்கிரீட் எடுங்கள். இல்லையென்றால் கேஸ்.

எதுவானாலும் முதல் டிப்பர் கொட்டும் முன்பே ஸ்கிரீட் தட்டு முழுக்கச் சூடாகியிருக்க வேண்டும். ஆறிய தட்டில் கலவை ஒட்டிக்கொண்டு, விரித்த பரப்பைக் கிழித்துக்கொண்டே போகும். காலையில் போட்ட முதல் சில மீட்டர் மட்டும் சொரசொரப்பாக இருக்கிறதா? பிளான்டைக் குறை சொல்லும் முன் ஸ்கிரீட்டைச் சூடாக்கினீர்களா என்று கேளுங்கள்.

டயர் பேவரா, செயின் பேவரா?

நகராட்சித் தெருக்கள், ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாறும் வேலை என்றால் டயர். ஜல்லி அடுக்கின் மேல் அகலமாக விரிக்கும் பெரிய வேலை என்றால், சக்கரத்துக்குப் பதில் செயின் பட்டையில் நகரும் பேவர். பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் இடம் மாற்ற டிரெய்லர் வேண்டும்.

ரோலர் எத்தனை வேண்டும்?

பேவருக்குக் கோடி கணக்கில் பேசுபவர்கள் ரோலரில் கை வைத்துவிடுகிறார்கள். ரோடு பெயர்ந்து போவதற்கு நான் பார்த்தவரை முக்கியமான காரணம் போதாத உருட்டல்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு (மோர்த், 2013 பதிப்பு) முறையைத் தெளிவாகச் சொல்கிறது. முதல் உருட்டலுக்கு 8 முதல் 10 டன் ரோலர் அல்லது வைப்ரேட்டரி ரோலர். நடு உருட்டலுக்கு அதே வகை, அல்லது 12 முதல் 15 டன் எடையுள்ள, ஒன்பது டயருக்குக் குறையாத பி.டி.ஆர். (காற்றடைத்த டயர்களால் உருட்டும் ரோலர்). முடிக்க 6 முதல் 8 டன் டேண்டம் (முன்னும் பின்னும் இரும்பு டிரம் உள்ள ரோலர்). வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் கூடாது.

இப்போது மேலே போட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். 3.5 மீட்டர் அகலத்தை 1.5 மீட்டர் டிரம் உள்ள ரோலர், ஓரத்தில் கொஞ்சம் ஏறினாற்போல உருட்ட மூன்று பட்டை ஆகும். ஒரு பட்டைக்கு ஆறு தடவை என்றால் மொத்தம் 18 ஓட்டம். மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 67 மீட்டர். அதை 18-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 3.7 மீட்டர் ரோடு. திரும்புவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் போக 3 மீட்டர்கூட தேறாது. பேவரோ 4 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு டேண்டம் வைத்திருந்தால் மதியத்துக்குள் ரோலர் நூறு மீட்டருக்கு மேல் பின்தங்கிவிடும். அதற்குள் அங்கே கலவை ஆறியிருக்கும்.

நம் ஊரில் அதிகம் பயன்படும் விஜி-30 என்ற தரத் தாரில் கலவையை 140 டிகிரிக்குக் குறையாமல் விரிக்க வேண்டும், 90 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் உருட்டி முடிக்க வேண்டும். அதனால் ஒரு பேவருக்கு இரண்டு டேண்டமும் ஒரு பி.டி.ஆரும் இருப்பதுதான் என் கணக்கில் குறைந்தபட்சம். பணம் குறைவு என்றால் பேவரை ஒரு படி சின்னதாக எடுங்கள், ரோலரைக் குறைக்காதீர்கள்.

டேண்டம் வாங்கும்போது வைப்ரேஷனில் இரண்டு அளவு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். 25, 30 மில்லிமீட்டர் மெல்லிய அடுக்கில் பெரிய அதிர்வு கொடுத்தால் ஜல்லி உடையும். உடைந்த முகத்தில் தார் இருக்காது. மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். பி.டி.ஆரில் டயர் ஆறியிருந்தால் கலவையை அள்ளிக்கொண்டு வரும் என்பதால் சில ஆபரேட்டர்கள் டயரில் டீசல் அடிப்பார்கள். டீசல் தாரைக் கரைத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். டயர் சூடானபின் ஒட்டாது.

செகண்ட் ஹேண்ட் பேவர் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், விற்பதற்கு முன் எல்லா மெஷினுக்கும் புது பெயின்ட் வந்துவிடும்.

சொல்லாமல் காலையிலேயே போங்கள். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்கச் சூடாக்கி வைத்திருக்கலாம்; ஆறவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஹவர் மீட்டர் 3,000 காட்டும், ஆனால் சீட்டும் லீவரும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அப்போது எதை நம்புவது என்று சொல்ல வேண்டியதில்லை.

டிப்பர் கலவையைக் கொட்டும் ஹாப்பருக்குள் இறங்குங்கள். கன்வேயர் செயினைக் கையால் தூக்கிப் பார்த்தால் தளர்வு தெரியும். பட்டைகள் வளைந்திருக்கிறதா, அடித்தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கலவையைப் பக்கவாட்டில் பரப்பும் திருகான ஆகரின் இறக்கைகள் விளிம்பில் கத்தி போல மெலிந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஸ்கிரீட்டை மேலே தூக்கி, அடியில் படுத்து, தட்டை விரலால் தடவுங்கள். நடுவில் ஒரு கனம் ஓரத்தில் ஒரு கனம் இருந்தால் அது ரோட்டில் தெரியும். ஸ்கிரீட்டில் கலவையைக் குத்தி இறுக்கும் டேம்பர் பட்டையின் விளிம்பு உருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாம் தேய்ந்து மாற்றக்கூடிய பொருள்கள்தான், வாங்கக் கூடாது என்பதற்குக் காரணமில்லை. ஆனால் மொத்தமாக மாற்ற என்ன ஆகும் என்று விலை கேட்டு, அதை மெஷின் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

தூக்கிய ஸ்கிரீட்டை, பூட்டுப் போடாமல் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது, அதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பி வரும்போது இறங்கியிருந்தால் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு. இரண்டு பக்கச் சென்சாரையும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்து சென்சாரை மற்றப் பக்கம் மாற்றி மாட்டியும் பாருங்கள், கோளாறு சென்சாரிலா மெஷினிலா என்று தெரிந்துவிடும். கடைசியாக, முடிந்தால் அந்த மெஷின் ஒரு வேலையில் கலவை விரிப்பதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பழைய பில், இன்ஜின் நம்பர், கடன் இருந்திருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று, மூன்றும் கைக்கு வந்தபின் பணம்.

எந்தக் கம்பெனி மெஷின் நம்பகமானது?

உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஸ்பேர் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். பெரிய கம்பெனிகளின் பேவர் எல்லாமே வேலை செய்யக்கூடியவைதான். கன்வேயர் செயின் அறுந்தால் மறுநாள் காலையில் வருகிறதா, பத்து நாள் கழித்து வருகிறதா என்பதில்தான் உங்கள் லாபம் இருக்கிறது.

அதனால் விலை பேசும் முன் ஸ்பேர் டிப்போவுக்குப் போன் செய்யுங்கள். விற்பனை ஆளிடம் கேட்காதீர்கள், நேராக ஸ்பேர் கவுன்டரில் கேளுங்கள்: இந்த மாடலுக்குக் கன்வேயர் செயின், ஆகர் பேரிங், ஸ்கிரீட் தட்டு, ஹைட்ராலிக் ஃபில்டர், சென்சார் கேபிள் இன்று ஸ்டாக்கில் இருக்கிறதா, விலை என்ன? பதில் சொல்லத் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் இரண்டு மூன்று ஒப்பந்ததாரர்களிடமும், முக்கியமாக அவர்களுடைய மெக்கானிக்கிடமும் பேசுங்கள்.

இந்தத் துறையில் கம்பெனிகள் கைமாறுவதும் சகஜம். குஜராத் அப்போலோ கம்பெனியின் சாலை இயந்திரத் தொழில் 2013-இல் அம்மான் கம்பெனியோடு சேர்ந்தது. வோகல், ஹாம் மெஷின்களைச் செய்யும் விர்ட்ஜன் குழுமம் 2017-இல் ஜான் டியர் கம்பெனியின் கைக்குப் போனது. அதே ஆண்டு டைனாபாக் ஃபாயா குழுமத்துக்குப் போனது. கைமாறியதால் மெஷின் மோசமாகிவிடாது. ஆனால் பழைய மாடல் ஒன்றை வாங்குகிறீர்கள் என்றால், அதற்கு இப்போது யார் ஸ்பேர் தருகிறார்கள், எத்தனை வருடம் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டிரம் மிக்ஸ் பிளான்டா, பேட்ச் மிக்ஸா?

டிரம் மிக்ஸ் விலை குறைவு, எரிபொருள் குறைவு, இடம் மாற்றுவது எளிது. ஜல்லியும் தாரும் ஒரே டிரம்மில் தொடர்ந்து கலந்து வரும். உள்ளே போகும் ஜல்லி சரியாக இருந்தால்தான் வெளியே வருவதும் சரியாக இருக்கும், நடுவில் திருத்த வழியில்லை. பேட்ச் மிக்ஸில் சூடான ஜல்லி சல்லடையில் பிரிந்து, தனித்தனி அறைகளில் நின்று, ஒவ்வொரு தடவையும் எடை போட்டுக் கலக்கப்படும். தரம் கையில் இருக்கும். நெடுஞ்சாலை வேலைகளுக்கு பேட்ச் மிக்ஸ் கேட்பது அதனால்தான்.

பிளான்டின் பெயர்ப் பலகையில் மணிக்கு 120 டன் என்று இருப்பது ஈரம் குறைவான ஜல்லிக்கான கணக்கு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நனைந்த கிரஷர் தூளைப் போட்டால் டீசல் ஏறும், உற்பத்தி விழும். தூளுக்கும் மணலுக்கும் மேலே ஒரு தகரக் கொட்டகை போடுவது, பர்னரைப் பெரிதாக்குவதைவிட மலிவு. பலர் இதைக் கடைசிவரை செய்வதே இல்லை.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கழிவு கலந்த சாலை வேலைகளும் வரும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறைப்படி, நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தாரில் போடாமல், சூடான ஜல்லியின் மேல் முதலில் பூச வேண்டும். அதற்கான ஃபீடரை உங்கள் பிளான்டில் மாட்ட இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வருடத்தில் மெஷின் உண்மையில் எத்தனை நாள் ஓடும் என்று எழுதிப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தார் வேலை பெரும்பாலும் முடங்கும். தேர்தல் நேரத்தில் புது வேலை வராது. பில் பணம் வரத் தாமதமாகும் மாதங்களும் உண்டு. ஆனால் இ.எம்.ஐ. பன்னிரண்டு மாதமும் வரும். மீதி நாள்களின் வாடகையைக் கூட்டி, அது இ.எம்.ஐ., ஆபரேட்டர் சம்பளம், தேய்மானப் பொருள்கள், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டாவிட்டால் வாடகைதான். வாடகை பேவருக்கு ஆபரேட்டரும் சேர்ந்து வருவார் என்பது ஒரு பெரிய வசதி. சீசன் உச்சத்தில், அதாவது ஜனவரி முதல் மே வரை, கேட்ட நாளில் கிடைக்காது என்பது அதன் பெரிய குறை.

புது மெஷின்களில் டி.இ.எஃப். ஊற்ற வேண்டும் என்கிறார்களே?

சக்கரத்தில் ஓடும் கட்டுமான வாகனங்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து நான்காம் நிலைப் புகை விதிகள் வந்தன. 2025-இலிருந்து ஐந்தாம் நிலை. அதற்கேற்ற பல இன்ஜின்களில், புகையைச் சுத்தப்படுத்தும் டி.இ.எஃப். திரவம் தேவை. அது தீர்ந்தாலோ, டீசலில் தண்ணீரும் தூசியும் இருந்தாலோ இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேரலிலிருந்து வாளியில் டீசல் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஃபில்டர் உள்ள பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மெஷின் நீண்ட நாள் உழைக்கத் தினமும் என்ன செய்ய வேண்டும்?

மாலை கடைசி லோடு முடிந்ததும் அரை மணி நேரம். அவ்வளவுதான். ஹாப்பர், கன்வேயர், ஆகர், ஸ்கிரீட் ஓரம் எல்லாம் சூடு இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஆறியபின் அது கல். மறுநாள் காலையில் அந்தக் கல்லோடு கன்வேயரை ஓட்டினால் செயின் அறும், அல்லது மோட்டார் போகும். சைட்டில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது என்பதால் இந்த வேலைதான் முதலில் விட்டுப்போகும். இதைச் செய்யும் ஹெல்பருக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்துவிடுங்கள், மிச்சமாவது அதைவிடப் பல மடங்கு.

ஆர்டர் கொடுக்கும் முன் எழுத்தில் என்னென்ன வாங்க வேண்டும்?

சர்வீஸ் இன்ஜினீயர் எத்தனை மணி நேரத்துக்குள் சைட்டுக்கு வருவார், வராவிட்டால் என்ன. வாரன்டி மாதத்திலா, மணி நேரத்திலா. தேய்மானப் பொருள்களில் எது எது அதில் வராது. உங்கள் ஆபரேட்டர் இருவருக்குப் பயிற்சி, அதுவும் உங்கள் சைட்டில், உங்கள் கலவையில். இருவர் என்று கேட்பதற்குக் காரணம், ஒருவர் வேலையை விட்டுப் போனால் மெஷின் நிற்கக் கூடாது. முதல் 500 மணி நேர சர்வீஸுக்கான ஃபில்டர்கள் மெஷினோடு வர வேண்டும். கன்வேயர் செயின் ஒரு செட்டும் சென்சார் கேபிள் ஒன்றும் டெலிவரியின்போதே கையில் வந்துவிட வேண்டும். விலையில் கொஞ்சம் குறைக்கிறேன் என்று விற்பனை ஆள் சொன்னால், அந்தத் தள்ளுபடிக்குப் பதிலாக இந்த ஸ்பேர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.